தளத்தின் அடியில்

"எனக்குத் தெரியாது" என்பதைவிடப் பாதுகாப்பான விடை வேறில்லை. அறியாது செய்த பிழை மன்னிக்கத்தக்கது என்பதை உலகம் ஒப்புக்கொள்கிறது, அறநெறியும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அது நமக்கு வந்து வாய்த்த அறியாமையா, நாமே நீரூற்றி வளர்த்த அறியாமையா என்ற வினா எழுந்தவுடன் அந்த விடையின் பாதுகாப்புக் குலைந்துவிடுகிறது. இந்த வினாவை வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

நாம் குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாட்களில், கோட்பாட்டை விளக்கி முடித்ததும் பேராசிரியர் ஒரு வழக்கைச் சொல்லி, "இந்த மனிதரின் கடமை யாது?" என்று வினவுவார். விரிசல் விட்ட வீட்டை விற்பவர், நோய்கண்ட மாட்டைச் சந்தைக்கு ஓட்டிச் செல்பவர், கடன் பத்திரத்தைத் தொலைத்தவர் என்று பலர் அவ்வழக்குகளில் வந்துபோவர். கோட்பாடுகளுள் பல மறந்துபோயின, அம்மனிதர்கள் மறக்கவில்லை. அந்த முறையிலேயே இன்று ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். அது நம் ஊர் வழக்கன்று. ஆனால் நம் வினாவை அதைப்போல் கூர்மையாக்கும் வழக்கு வேறொன்று நம் கண்ணில் படவில்லை.

அமெரிக்க நாட்டில், விடுமுறை நாட்களில் தூண்டிலிடவும் குடும்பத்தோடு உலாவரவும் சிறிய இயந்திரப் படகுகளை வைத்திருப்போர் பலர். அப்படிப்பட்ட ஒருவரின் படகுக்கு ஏறத்தாழ 30 வயது என்று வைத்துக்கொள்வோம். ஃபைபர் கிளாஸால் ஆன அதன் உடல் இன்னும் உறுதியாக இருக்கிறது. வண்ணம் பூசினால் புதிது போலவே தோன்றும். ஆனால் சில ஆண்டுகளாக ஒரு குறை. தொட்டி நிறையப் பெட்ரோல் நிரப்பினால் மெல்லிய வாடை வீசுகிறது. பாதி நிரப்பினால் வாடை இல்லை. ஆகவே அவர் பாதிக்கு மேல் நிரப்புவதை நிறுத்திவிட்டார். தளத்தைப் பிரித்துத் தொட்டியைப் பார்த்ததில்லை. இப்போது படகை விற்க விரும்புகிறார். வாங்க வந்தவர், "பெட்ரோல் டேங்க் நன்றாக இருக்கிறதா?" என்று கேட்கிறார். "எனக்குத் தெரிந்து அதில் ஒரு குறையும் இல்லை" என்கிறார் இவர்.

இவர் பொய் சொன்னாரா?

காப்பதற்கு வைத்ததே அரித்தது

விடை தேடுமுன் அந்தத் தொட்டி எங்கே, எப்படி இருக்கிறது என்பதை அறிய வேண்டும். நம் கடற்கரையில் ஃபைபர் படகில் தொழிலுக்குச் செல்லும் சகோதரர்களுக்கு இப்படியொரு சிக்கல் பெரும்பாலும் இல்லை. எரிபொருள் கேன் அவர்கள் கண்ணெதிரே இருக்கிறது, ஒழுகினால் அன்றே தெரிந்துவிடும். அமெரிக்க உல்லாசப் படகில் நிலைமை வேறு. அங்கே அடிப்பகுதி தனி அச்சிலும் மேல்தளம் தனி அச்சிலும் வார்க்கப்படுகின்றன. அடிப்பகுதியில் தொட்டியை வைத்து, பல படகுகளில் அதைச் சுற்றிப் பாலியூரித்தேன் நுரையை ஊற்றுகிறார்கள். நுரை பொங்கி இறுகித் தொட்டியை அசையாமல் பிடித்துக்கொள்ளும். பின்னர் மேல்தளத்தை அதன்மேல் கவிழ்த்து ஒட்டிவிடுகிறார்கள். அன்று மறைந்த தொட்டியை மீண்டும் காண வேண்டுமென்றால் பெரும்பாலான படகுகளில் தளத்தை அறுத்தாக வேண்டும்.

தொட்டி பெரும்பாலும் அலுமினியத் தகட்டால் ஆனது. அலுமினியம் இரும்பைப்போல் துருப்பிடிப்பதில்லை என்பது நம் வீட்டுப் பாத்திரங்களிலிருந்தே நாம் அறிந்தது. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டவுடன் அதன்மேல் மிக மெல்லிய ஒரு படலம் உண்டாகிறது. அதுவே அதற்குக் கவசம். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் படலம் தானே மீண்டும் படிந்துவிடும். ஆனால் அதற்குக் காற்று வேண்டும். தளத்தின் இணைப்புகள் வழியாகவும் திருகாணித் துளைகள் வழியாகவும் ஆண்டுக்கணக்கில் கசியும் உப்புநீர், நுரைக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள இடுக்கில் சென்று தங்கிவிடுகிறது. அங்கே அது வடிவதுமில்லை, உலர்வதுமில்லை; காற்றும் புகுவதில்லை. கவசம் இழந்த இடத்தில் புதுக் கவசம் உண்டாவதற்கு வழியில்லை. வெள்ளைப் பொடி பூத்து, ஊசிமுனை அளவான குழிகள் விழுகின்றன. தகட்டின் பெரும்பகுதி பழைய கனத்தோடு அப்படியே இருக்க, எங்கோ ஓரிடத்தில் ஒரு குழி மட்டும் ஆழமாகிக்கொண்டே சென்று மறுபுறம் எட்டிவிடுகிறது.

தொட்டியைக் காப்பதற்கென்று சுற்றிலும் இட்ட நுரையே நீரை அதன்மேல் பிடித்துவைத்து அரித்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒழுகிய பெட்ரோல் எங்கே செல்லும்? படகின் அடிப்பள்ளத்தில் தேங்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலெழுந்து கலைந்துபோகாமல் பள்ளத்திலேயே படிந்து கிடக்கும். காற்றில் ஏறத்தாழ 1.4 விழுக்காடு இருந்தாலே அது தீப்பற்றி வெடிக்கப் போதுமானது. இயந்திரத்தை முடுக்கும்போது தெறிக்கும் ஒரு சிறு பொறியே போதும். படகினுள் இயந்திரம் அமைந்த பெட்ரோல் படகுகளில் ஆவியை வெளியேற்றும் விசிறியை வைக்க வேண்டும், இயந்திரத்தை முடுக்குமுன் குறைந்தது 4 நிமிடம் அதை ஓடவிட வேண்டும் என்ற எச்சரிக்கையையும் எழுதிவைக்க வேண்டும் என்று அந்நாட்டு விதிகள் கட்டளையிடுவது இதனால்தான். உலோகத் தொட்டிக்கு நுரை மட்டுமே ஆதாரமாக இருக்கலாகாது, தொட்டியின் மேற்பரப்பில் நீர் தேங்காமல் வடிய வேண்டும் என்பனவும் அவ்விதிகளில் உண்டு. எனினும் பின்புறத்தில் வெளியே இயந்திரம் மாட்டிய படகுகளை எரிபொருள் அமைப்பு பற்றிய அவ்விதிகள் கட்டுப்படுத்துவதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரு வாடையைத் தொடர்ந்து முகர்ந்துகொண்டிருக்கும் மூக்கு விரைவில் அதை உணர மறந்துவிடுகிறது. படகில் முதன்முறை ஏறும் விருந்தினர் முகம் சுளிப்பார். உரிமையாளருக்கோ ஒன்றும் தெரிவதில்லை. மனச்சான்றுக்கும் இப்படியொரு பழக்கம் உண்டு என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

பழைய வாதம்

விற்பவரின் கடமை பற்றிய இவ்வழக்கு மிகப் பழையது. கி.மு. 44இல் உரோமைப் பேச்சாளர் சிசரோ எழுதிய 'கடமைகள்' என்ற நூலின் 3ஆம் பகுதியில் இரு ஸ்தோயிக்க ஞானிகளின் வாதம் வருகிறது. நோய் தரும் வீடு, உளுத்த மரங்கள் தாங்கும் வீடு. அதை விற்பவருக்கு மட்டுமே இது தெரியும். சொல்லாமல் விற்கலாமா? சொல்லாதிருப்பது வேறு, மறைப்பது வேறு என்றார் பாபிலோனிய டையோஜனிஸ். வாங்குகிறவருக்குக் கண் இருக்கிறது, பார்த்து வாங்கட்டும் என்பது அவர் கருத்து. அவருடைய மாணவர் அந்திபாத்தர் இதை மறுத்தார். இவர் புனித பவுல் பிறந்த அதே தர்சு நகரத்தவர். வழி தவறியவருக்கு வழி காட்டாது போவதே குற்றமென்றால், தெரிந்தே ஒருவரைத் தவறான வழியில் இறங்கவிடுவது அதைவிடக் கொடிதல்லவா என்று அவர் கேட்டார். சிசரோவின் தீர்ப்பு அந்திபாத்தரின் பக்கம் சாய்ந்தது.

13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் இதே வினாவை எடுத்துக்கொண்டார். குறை வெளிப்படையாகத் தெரிந்தால், விலையையும் அதற்கேற்பக் குறைத்திருந்தால், அதை எடுத்துச் சொல்ல விற்பவர் கடமைப்பட்டவரல்லர். ஒற்றைக்கண் குதிரையை வாங்குகிறவருக்கு அதன் குறை தானே தெரியும். ஆனால் குறை மறைவானதாக இருந்து, அதனால் இழப்போ ஆபத்தோ நேருமாயின், சொல்லியே ஆக வேண்டும். இடிந்துவிழும் நிலையிலுள்ள வீட்டை உறுதியானதென்று விற்பதை அவர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்.

இவ்விரு வாதங்களும் தெளிவானவை. ஆயினும் நம் படகுக்காரருக்கு இவற்றிலிருந்து தப்ப ஒரு வாசல் இருக்கிறது. சிசரோவின் வீட்டுக்காரருக்கு உளுத்த மரம் தெரியும். இவருக்குத் தொட்டியின் நிலை தெரியாது. பார்த்தவர் யாருமில்லை. வாங்குமுன் அமர்த்தப்படும் படகுப் பரிசோதகரும் தளத்தை அறுப்பதில்லை; எட்ட முடியாத பகுதிகளைத் தாம் ஆய்வு செய்யவில்லை என்றே தம் அறிக்கையில் எழுதுகிறார். பழைய படகுகள் பல 'உள்ளது உள்ளபடி' என்ற வாசகத்தோடு விற்கப்படுகின்றன. எல்லோருடைய கையும் தூய்மையாக இருக்கிறது. வாங்கியவரின் பிள்ளைகள் மட்டும் அந்தத் தளத்தின்மேல் அமர்ந்து கடலுக்குச் செல்கிறார்கள்.

கிளிஃபோர்டின் கப்பல்

இந்த வாசலை அடைத்தவர் ஓர் ஆங்கிலேயக் கணித மேதை. வில்லியம் கிங்டன் கிளிஃபோர்ட் 1870இல் சூரிய கிரகணத்தை ஆராயச் சென்ற குழுவில் இடம்பெற்று, சிசிலித் தீவுக்கு அருகே கப்பல் உடைந்தபோது உயிர் தப்பியவர். அக்காலத்தில் பழுதுற்ற கப்பல்களை அனுப்பி மாலுமிகளைப் பலிகொடுக்கும் முதலாளிகளை எதிர்த்துச் சாமுவேல் பிளிம்சால் போராடிக்கொண்டிருந்தார். 1876இல் அதன் பயனாகச் சட்டமும் வந்தது. அடுத்த ஆண்டு, 1877இல், கிளிஃபோர்ட் 'நம்பிக்கையின் அறம்' என்ற கட்டுரையை வெளியிட்டார். அது ஒரு கப்பல் முதலாளியின் கதையோடு தொடங்குகிறது.

அவருடைய கப்பல் பழையது. பிழைப்புத் தேடிப் புறப்பட்ட குடும்பங்களை ஏற்றிக்கொண்டு அது கடலுக்குச் செல்லவிருக்கிறது. அது தாங்குமா என்ற ஐயம் அவருக்கு எழுகிறது. செப்பனிட்டால் செலவு மிகும். இதற்கு முன் எத்தனையோ புயல்களைக் கடந்து வந்ததல்லவா என்று தம்மைத் தேற்றிக்கொள்கிறார். இத்தனை குடும்பங்களை இறைபராமரிப்பு கைவிடாது என்று நம்புகிறார். மெல்ல மெல்ல ஐயம் அடங்குகிறது. உண்மையாகவே நம்பத் தொடங்கிவிடுகிறார். மகிழ்வோடு வழியனுப்புகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் காப்பீட்டுத் தொகையைப் பெற்றுக்கொள்கிறார்.

அவர் பொய்யர் அல்லர். அவருடைய நம்பிக்கை நடிப்பும் அன்று. அப்படியிருந்தும் அவர் குற்றவாளியே என்கிறார் கிளிஃபோர்ட். ஆராய்ந்து பெற்ற நம்பிக்கையாக இல்லாமல், ஐயத்தின் கழுத்தை நெரித்துப் பெற்ற நம்பிக்கையாதலால் அது அவருக்கு உரிமையானதன்று. கப்பல் பாதுகாப்பாய்க் கரை சேர்ந்திருந்தாலும் அவருடைய குற்றம் அணுவளவும் குறையாது என்றும் அவர் சேர்த்துக்கொள்கிறார்.

கிளிஃபோர்ட் கடவுள் நம்பிக்கையற்றவர். அந்தக் கட்டுரையின் அம்பு நம்மைப் போன்றோரின் நம்பிக்கையை நோக்கியே எய்யப்பட்டது. போதிய சான்றின்றி எதையும் நம்புவது எவருக்கும் தகாது என்ற அவருடைய இறுதி முடிவை நாம் ஏற்கவில்லை; அன்பும் நட்பும்கூட அப்படியொரு விதியில் நிலைக்க இயலாது. ஆயினும் அந்த முதலாளி இறைபராமரிப்பின் பெயரைச் சொல்லித் தம் ஐயத்தை அடக்கினார் என்ற வரி நம்மைத் தைக்கத்தான் வேண்டும். செப்பனிட வேண்டிய பலகையைச் செப்பனிடாமல், அதன் பொறுப்பைக் கடவுளிடம் ஒப்படைப்பது பக்தியன்று. இதை நம்பிக்கையற்றவர் ஒருவரிடமிருந்து கற்றுக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை. புனித தாமஸ் இதைக் கிளிஃபோர்டுக்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே வேறு சொற்களில் சொல்லியிருக்கிறார். தவற்றிலிருந்து விலக நேரிடுமே என்று அஞ்சி, அறியாதிருக்க விரும்புகிற அறியாமையும் உண்டு. அது விரும்பியே ஏற்றதாதலால் குற்றத்தை நீக்குவதில்லை என்பது அவர் போதனை.

பாதித் தொட்டி

இப்போது நம் படகுக்காரரிடம் திரும்புவோம். அவருக்குத் தெரியாதா? தொட்டியைக் கண்ணால் கண்டதில்லை என்பது உண்மை. ஆனால் ஏன் பாதி மட்டும் நிரப்பினார்? மேற்பகுதியில் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது, அல்லது ஒரு குழாயோ இணைப்போ விட்டுப்போயிருக்கிறது என்பதை அவர் கை அறிந்திருந்தது. கை அறிந்ததை நாவு அறியாதது போல் பேசியது. "எனக்குத் தெரிந்து" என்ற சொற்களை உண்மையாக வைத்திருப்பதற்காகவே அவர் தளத்தைத் திறக்காமல் விட்டார். ஆகவே அவர் விடையின் சொற்களில் பொய் இல்லாமல் இருக்கலாம். விடையில் பொய் இருக்கிறது.

அவர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். தளத்தை அறுத்து, நுரையைக் குடைந்தெடுத்து, தொட்டியைப் பெயர்த்து, புதிதை வைத்து, மீண்டும் தளத்தை ஒட்டிப் பூசுவதற்கு ஆகும் உழைப்பின் கூலி, பல நேரங்களில் தொட்டியின் விலையைவிட மிகுதி. பெட்ரோல் ஆவி நிறைந்த இடத்தில் ரம்பம் ஓட்டுவதே ஆபத்து. எரிபொருளை முற்றும் வெளியேற்றி, ஆவியை நீக்கிய பிறகு, பயிற்சி பெற்றோரே கைவைக்க வேண்டிய வேலை அது. பழைய படகை விற்கும் ஒவ்வொருவரும் முதலில் அதை அறுத்துப் பார்க்க வேண்டுமென்று அறநெறி கேட்குமா? கேட்காது. இயலாததை அது எவர்மேலும் சுமத்துவதில்லை.

ஆனால் அறுப்பதற்கும் வாளாவிருப்பதற்கும் இடையே செய்யத்தக்கவை பல உள்ளன. அளவுமானியைப் பொருத்திய வாயைத் திறந்தால் தொட்டியின் மேற்பகுதியில் ஒரு சிறு இடமாவது தெரியும். தொழில் தெரிந்தவரைக் கொண்டு காற்றழுத்தம் கொடுத்து ஒழுக்கைச் சோதிக்கலாம். இவையும் இயலாவிட்டால் கடைசியாக ஒன்று எப்போதும் இயலும்: "இத்தொட்டிக்கு வயது 30. நான் இதைப் பார்த்ததில்லை. நிறைய நிரப்பினால் வாடை வருகிறது. ஏன் என்று எனக்குத் தெரியாது." இதைச் சொல்லப் பணம் வேண்டாம், விலை குறையும், அவ்வளவே. தம் அறியாமையை வாங்குபவருக்கும் அறிவித்தவர் அதற்குப் பின்னும் அறியாதவர்தாம், ஆனால் நேர்மையாளர். தெரியாது என்னும் சொல் ஒன்றே. ஒருவர் அதைத் திரையாக்குகிறார், மற்றவர் அதையே எச்சரிக்கை ஆக்குகிறார்.

படகைக் கட்டியவரையும் இங்கே விட்டுவிட இயலாது. ஃபைபர் கிளாஸ் உடல் பல பத்தாண்டுகள் உழைக்கும். உப்புநீரில் அலுமினியத் தொட்டி அவ்வளவு காலம் தாங்காது. என்றாவது ஒருநாள் தொட்டியை மாற்ற நேரும் என்பது கட்டும் நாளிலேயே கணிக்கத்தக்கது. இருந்தும் அதை வெளியே எடுக்க ஒரு திறப்பை விடாமல் மூடியவர், தம் செலவை மிச்சப்படுத்தி, முகம் அறியாத ஒருவர்மேல் அதை ஏற்றிவைத்தார். வாங்குகிறவரும் முற்றும் குற்றமற்றவர் என்று சொல்வதற்கில்லை. விலை மலிவாக இருக்கிறதே என்று எதையும் கேளாமல் வாங்கிச் செல்கிறவர், அறியாமையில் பங்கு வாங்குகிறார்.

நம் தளங்கள்

நிலத்தை விற்கும்போது வில்லங்கத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காத விற்பனை நம்மிடையே இல்லையா? வரன் பேசும்போது, மருத்துவரிடம் சென்றால் நோயின் பெயர் தெரிந்துவிடுமே என்று திருமணம் முடியும்வரை மகனை மருத்துவரிடம் அனுப்பாத பெற்றோரை நாம் கண்டதுண்டு. பிறரைச் சொல்வானேன்? பங்குப் பணியில் நாமே சில கணக்குகளை விரித்துப் பார்க்காமல் கையொப்பமிட்டதுண்டு. கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் எதையாவது செய்தாக வேண்டும். ஒருமுறை ஓர் எளியவர் நம்மிடம் வந்து ஒரு குறையைச் சொல்லத் தொடங்கியபோது, "பிறகு பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டோம். அவர் மீண்டும் வரவில்லை. அவர் என்ன சொல்ல வந்தார் என்பது நமக்கு இன்றுவரை தெரியாது. அந்தத் தெரியாமையை நாம் குற்றமற்றதென்று எண்ண இயலவில்லை.

தளத்தை அறுக்கத் துணிந்தவரைப் பற்றி ஒரு சொல் சொல்லி முடிப்போம். அவருக்குக் கிடைப்பது பெருமை தரும் காட்சியன்று. நீரில் ஊறிய நுரையும் வெள்ளைப் பொடி பூத்த தகடும் நாற்றமும்தான். சில படகுகளில் அருகிலிருக்கும் தாங்குமரங்களும் உளுத்திருப்பது அப்போதுதான் தெரியவரும்; வேலை இரட்டிப்பாகும். ஆனால் வேலை அறிந்தவர் புதிய தொட்டியைப் பழைய முறையில் புதைப்பதில்லை. தகட்டில் நீர் தங்காதபடி ரப்பர்ப் பட்டைகளை இடைவெளியின்றி ஒட்டி, அவற்றின்மேல் தொட்டியை உயர்த்தி வைக்கிறார். சுற்றிலும் காற்று உலவ இடம் விடுகிறார். பாலிஎத்திலீன் தொட்டியானால் பெட்ரோல் பட்டு அது சற்றே உப்பும் என்பதற்கும் இடம் விடுகிறார். பழைய குழாய்களையும் மாற்றி, ஒழுக்குச் சோதனை செய்த பின்னரே தளத்தை மூடுகிறார். மூடும்போதும் முன்போல் ஒட்டிவிடாமல், திருகாணிகளைக் கழற்றினால் திறக்கும்படி ஒரு மூடி அமைக்கிறார்.

இருபது ஆண்டுகள் கழித்து அதைத் திறக்கப்போகிறவர் யாரென்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை. குற்றமற்ற அறியாமை என்பது அதுதான்.